ஒரே கணினியில் பல விர்ச்சுவல் மெஷின்கள்: எந்தச் சாதனம் யாருக்கு?

ஒரு கணினியில் மூன்று நான்கு விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளாலேயே உருவாக்கிய கணினிகளை) ஓட்டும்போது ப்ராசஸரையும் ராமையும் பிரித்துக் கொடுப்பது பெரிய வேலையே இல்லை, அவற்றை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் பார்த்துக்கொள்ளும். சிக்கல் தொடங்குவது பிரிண்டர், ஸ்கேனர், பென்டிரைவ், லைசென்ஸ் டாங்கிள் (மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கும் யூஎஸ்பி சாவி), சீரியல் கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு என்று கையில் தொடக்கூடிய சாதனங்களில்தான். நேற்றுவரை ஒரு மெஷினில் நன்றாக வேலை செய்த டாங்கிள் இன்று காணோம் என்பார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்து மெஷின் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

செட்டிங்ஸ் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சாதனங்கள் ஒரு நேரத்தில் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பேச்சைத்தான் கேட்கும். அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர், தான் அனுப்பிய கட்டளைகளை வைத்து சாதனம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். இன்னொரு டிரைவர் குறுக்கே வந்து வேறு கட்டளை கொடுத்தால் இரண்டு கணக்கும் தப்பாகிவிடும். ஒரு உறையில் இரண்டு கத்தி என்ற கதைதான். ஆகவே "இதை எப்படிப் பகிர்வது" என்று கேட்பதற்கு முன் "இதற்கு யார் உரிமையாளர்" என்று கேளுங்கள். உரிமையாளர் யாரென்று முடிவாகிவிட்டால் மற்ற மெஷின்களுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் ஒரு பட்டியல்

ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி: பெயர், அதன் அடையாள எண்கள், சீரியல் நம்பர், எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது, உரிமையாளர் ஹோஸ்டா (உண்மையான கணினி) அல்லது எந்த கெஸ்ட் (அதற்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்), வேறு யாருக்கெல்லாம் தேவைப்படும். லினக்ஸ் ஹோஸ்டில் யூஎஸ்பி சாதனங்களை எல்எஸ்யூஎஸ்பி கட்டளையும், உள்ளே செருகிய கார்டுகளை எல்எஸ்பிசிஐ கட்டளையும் காட்டிவிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சாதனத்தின் ப்ராபர்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே எண்கள் கிடைக்கும்.

வேறு யாருக்கெல்லாம் தேவை என்ற கடைசிக் கேள்வியைச் சும்மா கடந்துபோகாதீர்கள். வேறு யாருக்கும் தேவையில்லாத சாதனத்தை அந்த ஒரு கெஸ்டுக்கு நேராகக் கொடுத்துவிடலாம், வேலை முடிந்தது. இரண்டு பேருக்குத் தேவை, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை என்றால் கைமாற்றிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் பலருக்குத் தேவை என்றால் மட்டும்தான் உண்மையான பகிர்வு பற்றி யோசிக்க வேண்டும், அப்போது சாதனத்தையே கொடுக்காமல் அது தரும் சேவையைக் கொடுப்பதுதான் சரியான வழி. பிரிண்டரை மூன்று கெஸ்டுகளுக்கும் மாற்றி மாற்றி இணைத்துக்கொண்டிருப்பதைவிட, ஹோஸ்டிலேயே பிரிண்டரை நிறுவி நெட்வொர்க் பிரிண்டராகத் திறந்துவிட்டால் மூன்று பேரும் வரிசையில் அச்சடித்துக்கொள்வார்கள்.

சேவையாகக் கொடுக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. லினக்ஸில் பிரிண்டருக்கு கப்ஸ் என்ற சேவை இருக்கிறது, போர்ட் 631 (இங்கே போர்ட் என்பது செருகும் துளை அல்ல, நெட்வொர்க் வாசல் எண்). ஸ்கேனருக்கு சேன்-டி, போர்ட் 6566. ஜிபிஎஸ் ரிசீவருக்கு ஜிபிஎஸ்-டி, போர்ட் 2947. ஒரே ரிசீவரிலிருந்து எத்தனை கெஸ்டுகள் வேண்டுமானாலும் இருப்பிடத்தை வாங்கிக்கொள்ளலாம். சீரியல் போர்ட்டை செர்2நெட் நெட்வொர்க்கில் திறந்துவிடும். இவற்றையெல்லாம் ஹோஸ்டும் கெஸ்டுகளும் மட்டும் பேசிக்கொள்ளும் உள் நெட்வொர்க்கின் முகவரியில் மட்டும் கேட்கும்படி வையுங்கள். சேன்-டி, செர்2நெட் போன்றவற்றில் பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, வெளி நெட்வொர்க்குக்குத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

யூஎஸ்பி: பாதிப் பிரச்சினை இங்கேதான்

கெஸ்டுக்கு யூஎஸ்பி சாதனத்தைக் கொடுக்கும் வசதி அநேகமாக எல்லா ஹைப்பர்வைசரிலும் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி ஃபில்டர் (எந்தச் சாதனம் இந்த கெஸ்டுக்கு என்று சொல்லும் விதி), விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் ரிமூவபிள் டிவைசஸ் மெனு, விர்ட்-மேனேஜரில் ஆட் ஹார்ட்வேர் போய் யூஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸ். ஹைப்பர்-வி மட்டும் விதிவிலக்கு, அதில் சாதாரண யூஎஸ்பி சாதனத்தை நேரடியாகக் கொடுக்க வழியில்லை. என்ஹான்ஸ்டு செஷன் வழியாகத் திருப்பிவிடலாம், அல்லது கீழே சொல்லப்போகும் யூஎஸ்பி-ஐபி முறையைப் பயன்படுத்தலாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0க்கு முந்தைய பதிப்புகளில் யூஎஸ்பி 2, யூஎஸ்பி 3 வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் பேக் தனியாகப் போட வேண்டும். 7.0 முதல் அது அடிப்படை மென்பொருளிலேயே வந்துவிட்டது. ஹோஸ்ட் லினக்ஸாக இருந்தால் உங்கள் பயனர் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சேர்க்காமல் விட்டால் சாதனங்களின் பட்டியல் காலியாகவே தெரியும். பலர் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், போர்ட்டை மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் பார்த்தால் குழுவில் சேர்க்காததுதான் காரணமாக இருக்கும். சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது அடையாள எண்கள். ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண் ஒன்று, தயாரிப்பு எண் ஒன்று, ஒவ்வொன்றும் நான்கு இலக்கம். உதாரணத்துக்கு எஃப்டிடிஐ சிப் போட்ட யூஎஸ்பி சீரியல் கேபிள்களில் ரொம்பப் பரவலானது 0403:6001. இந்த இரண்டு எண்ணை வைத்து ஃபில்டர் போட்டால், கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகினாலும் அது சரியான கெஸ்டுக்கே போய்ச் சேரும். ஒரே ஒரு கேபிள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அதே வகையில் இரண்டாவது கேபிள் வாங்கி, ஒன்று ஒரு கெஸ்டுக்கு, இன்னொன்று இன்னொரு கெஸ்டுக்கு என்று ஆசைப்படும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டுக்கும் எண் ஒன்றே. எது எங்கே போகும் என்று சொல்லவே முடியாது.

அசல் எஃப்டிடிஐ கேபிள்களில் வழக்கமாக சீரியல் நம்பரும் இருக்கும், ஆகவே ஃபில்டரில் அதையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் மலிவான பல கேபிள்களில் இருக்கும் சிஹெச்340 சிப்பில் சீரியல் நம்பரே கிடையாது. அப்படிப்பட்டவற்றை எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது, செருகிய இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் யூஎஸ்பி சாதனம் சேர்க்கும்போதே தயாரிப்பாளர் எண்ணை வைத்தா, போர்ட்டை வைத்தா என்று கேட்கும், போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் ஃபில்டரிலும் போர்ட் என்று ஒரு கட்டம் உண்டு. லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கியூஎமுவை நேரடியாக ஓட்டுகிறவர்கள் ஹோஸ்ட்பஸ், ஹோஸ்ட்போர்ட் என்ற இரண்டு மதிப்புகளையும் கொடுக்கலாம். அப்புறம் ஒரு சின்ன காகிதச் சீட்டில் கெஸ்டின் பெயரை எழுதி அந்தப் போர்ட்டின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். யாராவது தூசி தட்டுகிறேன் என்று கேபிள்களைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினால் மொத்த ஏற்பாடும் குழம்பிவிடும், இந்தச் சீட்டு அதைத் தடுக்கும்.

போர்ட் எண்ணையும் சாதன எண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்எஸ்யூஎஸ்பி காட்டும் பஸ் எண், டிவைஸ் எண் இரண்டில் டிவைஸ் எண் என்பது ஒவ்வொருமுறை கழற்றிச் செருகும்போதும் மாறிக்கொண்டே போகும். காலையில் 7 என்றிருந்தது மதியம் 12 ஆகிவிடும். கியூஎமுவை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் கட்டமைப்பில் பஸ், டிவைஸ் எண்ணை எழுதி வைத்தவர்களுக்கு அடுத்த நாள் கெஸ்ட் கிளம்பாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

விர்ச்சுவல்பாக்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. எந்தக் கட்டத்தையும் நிரப்பாத வெற்று ஃபில்டர் எல்லா யூஎஸ்பி சாதனத்துக்கும் பொருந்தும். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு கெஸ்டைக் கிளப்பினால் ஹோஸ்டின் கீபோர்டும் மவுஸும்கூட அதற்குள் போய்விடும். ஃபில்டர் சேர்க்கும்போது வெற்று ஃபில்டருக்கான பொத்தானை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும், சாதனத்திலிருந்து விவரம் எடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். எண்கள் தாமே நிரம்பிவிடும். கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபில்டர் சேர்த்திருந்தால் சாதனத்தை ஒருமுறை கழற்றிச் செருகினால்தான் அது வேலைக்கு வரும்.

பெயர் மாற்றும் சாதனங்கள்

ஆண்ட்ராய்டு ஃபோனைச் சாதாரணமாகச் செருகினால் ஒரு தயாரிப்பு எண், மென்பொருள் ஏற்றுவதற்கான ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போனால் வேறு எண். மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளிலும் அப்படித்தான், நிரல் ஏற்றும்போது அதை ஏற்றிவைக்கும் சிறு மென்பொருளான பூட்லோடர் தனி எண்ணோடு எட்டிப்பார்க்கும். நீங்கள் ஒரு எண்ணுக்கு மட்டும் ஃபில்டர் போட்டிருந்தால், சரியாக ஃபர்ம்வேர் பாதி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் சாதனம் கெஸ்டைவிட்டு ஹோஸ்டுக்குத் தாவிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் "காத்திருக்கிறேன்" என்ற வரியோடு நிரல் நின்றிருக்கும். தயாரிப்பாளர் எண்ணை மட்டும் கொடுத்து மற்றதைக் காலியாக விடுவது ஒரு வழி. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஃபில்டர் போடுவது இன்னொரு வழி.

இந்த மாதிரி வேலை தினமும் செய்கிறவர் என்றால் என் யோசனை வேறு: ஒரு யூஎஸ்பி கண்ட்ரோலரையே (பல போர்ட்டுகளை இயக்கும் சிப்) முழுசாக அந்த கெஸ்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கண்ட்ரோலர் என்பது ஒரு பிசிஐ கார்டுதான், அதாவது மதர்போர்டோடு நேராக இணைந்தது. அது கெஸ்டுக்குப் போய்விட்டால் அதன் போர்ட்டுகளில் எதைச் செருகினாலும், எத்தனை முறை எண் மாறினாலும், எல்லாம் கெஸ்டுக்குள்ளேயே நடக்கும், ஹோஸ்டுக்கு ஒன்றும் தெரியாது. மதர்போர்டில் இரண்டாவது கண்ட்ரோலர் இருக்கிறதா என்று எல்எஸ்பிசிஐ சொல்லும். எந்தப் போர்ட் எந்தக் கண்ட்ரோலரில் தொங்குகிறது என்பதை எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி என்ற தெரிவோடு கொடுத்து, ஒரு பென்டிரைவை ஒவ்வொரு போர்ட்டாகச் செருகிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் தனி யூஎஸ்பி கார்டு ஒன்று போட்டுக்கொள்ளலாம். கீபோர்டு மாட்டியிருக்கும் கண்ட்ரோலரைக் கொடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதனம் "பிஸி" என்று சொன்னால்

கெஸ்டுக்குக் கொடுக்கும்போது சாதனம் பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வந்தால் ஹோஸ்டில் ஏதோ ஒரு சேவை முந்திக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். வழக்கமான ஆட்கள் இவர்கள்: ஃபோனைச் செருகியதும் கோப்புகளைக் காட்டத் தயாராகும் டெஸ்க்டாப்பின் ஜிவிஎஃப்எஸ், சீரியல் கேபிளை மோடமா என்று சோதித்துப் பார்க்கும் மோடம்மேனேஜர், ஸ்மார்ட்கார்டு ரீடரைப் பிடிக்கும் பிசிஎஸ்சி-டி, புதிய பிரிண்டர்களைப் பிடிக்கும் ஐபிபி-யூஎஸ்பி. உபுண்டு 22.04இல் பிரெய்லி கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் சேவை சிஹெச்340 கேபிளைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துவிடும். பலரும் கேபிள் பழுது என்று நினைத்ததற்குக் காரணம் அதுதான். அந்தச் சேவை உங்களுக்குத் தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், தேவையென்றால் அந்த ஒரு சாதனத்தை மட்டும் விட்டுவிடும்படி, லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவுக்கு ஒரு விதி எழுதுங்கள்.

பென்டிரைவ், வெளி ஹார்டுடிஸ்க் விஷயத்தில் ஒன்று: கெஸ்டிலிருந்து எடுக்கும்போது முதலில் கெஸ்டுக்குள் எஜெக்ட், அப்புறம் ஹைப்பர்வைசரில் துண்டிப்பு, அதற்குப் பிறகுதான் கையால் கழற்றுவது. ஹைப்பர்வைசர் மெனுவில் துண்டிப்பது கெஸ்டைப் பொறுத்தவரை ஒயரைப் பிடுங்குவதற்குச் சமம். எழுதாமல் மெமரியில் நிற்கும் தகவல் அப்படியே போய்விடும்.

யூஎஸ்பி-ஐபி

சாதனம் ஓர் இடத்தில், பயன்படுத்துபவர் வேறோர் இடத்தில் என்றால், யூஎஸ்பி சாதனத்தை நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் யூஎஸ்பி-ஐபி உதவும். லினக்ஸ் கெர்னலிலேயே (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) இருக்கிறது, டிசிபி போர்ட் 3240இல் பேசும். விண்டோஸில் யூஎஸ்பிஐபிடி-வின் என்ற மென்பொருள் இருக்கிறது, டபிள்யூஎஸ்எல்2க்கு (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) யூஎஸ்பி சாதனம் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: முதலில் லிஸ்ட் போட்டு சாதனத்தின் பஸ் ஐடியைப் பாருங்கள், நிர்வாகி உரிமையோடு பைண்ட் ஒருமுறை, அப்புறம் தேவைப்படும்போதெல்லாம் அட்டாச். இதிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான், ஒயருக்குப் பதில் நெட்வொர்க், அவ்வளவுதான் வித்தியாசம். தகவல் மறையாக்கம் இல்லாமல் போகும் என்பதால் உள் நெட்வொர்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாங்கிள், சீரியல் கேபிள், ஸ்மார்ட்கார்டு எல்லாம் நன்றாக ஓடும். வெப்கேம், மைக் மாதிரி தொடர்ச்சியாக, நேரம் தவறாமல் தகவல் அனுப்ப வேண்டியவை திணறும்.

டிஸ்க்: இங்கே தவறினால் தகவல் போய்விடும்

மற்ற சாதனங்களைத் தவறாகப் பகிர்ந்தால் அது வேலை செய்யாது, அவ்வளவுதான். டிஸ்க்கைத் தவறாகப் பகிர்ந்தால் கொஞ்ச நாள் வேலை செய்வதுபோலவே இருக்கும். அதனால்தான் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே டிஸ்க்கை, அல்லது ஒரே டிஸ்க் ஃபைலை, இரண்டு கெஸ்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும்படி இணைத்தால் என்ன நடக்கும்? இஎக்ஸ்டி4, என்டிஎஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல்சிஸ்டங்கள் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள்) எல்லாமே "இந்த டிஸ்க்கை நான் ஒருவன்தான் எழுதுகிறேன்" என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. எந்த பிளாக் (டிஸ்க்கின் சிறு துண்டு) காலி, எந்த ஃபோல்டரில் எந்த ஃபைல் என்ற விவரங்களை ஒவ்வொரு கெஸ்டும் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும். முதல் கெஸ்ட் ஒரு ஃபைலை எழுதி ஒரு பிளாக்கைப் பிடிக்கிறது. இரண்டாவது கெஸ்டின் கணக்கில் அந்த பிளாக் இன்னும் காலிதான், ஆகவே அதுவும் அதிலேயே எழுதுகிறது. இரண்டு பக்கமும் பிழைச் செய்தி வராது. அடுத்த முறை மவுண்ட் செய்யும்போதுதான் (டிஸ்க்கைத் திறந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவரும்போதுதான்) ஃபைல்கள் கலந்து கிடப்பது தெரியும், அதற்குள் பேக்கப்பிலும் கெட்டுப்போன பிரதியே ஏறியிருக்கும். ஒரு பக்கம் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதுகிறவர் மாற்றிக்கொண்டே இருக்கும்போது படிக்கிறவருக்குப் பழைய விவரமும் புதிய விவரமும் கலந்துதான் கிடைக்கும். யாருமே எழுதாமல் எல்லோரும் படிக்க மட்டும் என்றால் தாராளமாகப் பகிரலாம்.

கியூஎமு 2.10 முதல், அதாவது 2017 முதல், டிஸ்க் ஃபைலைப் பூட்டி வைக்கும் வசதி வந்துவிட்டது. இரண்டாவது கெஸ்டைக் கிளப்பும்போது எழுதும் பூட்டு கிடைக்கவில்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் பலர் இணையத்தில் தேடி, பகிரலாம் என்ற குறிப்பைக் கட்டமைப்பில் சேர்த்துப் பிழையைப் போக்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தப் பூட்டு உங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. இன்னொரு விஷயம், அந்தப் பூட்டு கியூஎமுக்களுக்கு இடையில் மட்டும்தான் செல்லும். கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பார்ட்டிஷனை ஹோஸ்டில் மவுண்ட் செய்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஹைப்பர்-வி இதில் கறாராக இருக்கிறது, ஹோஸ்டில் டிஸ்க்கை ஆஃப்லைன் ஆக்கினால்தான் கெஸ்டுக்குக் கொடுக்கவே விடும். மற்ற ஹைப்பர்வைசர்களில் அந்தக் கட்டுப்பாட்டை நீங்களே கடைப்பிடிக்க வேண்டும்: தானாக மவுண்ட் ஆகும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் ஹோஸ்டின் எஃப்எஸ்டேப் ஃபைலிலிருந்து அந்த டிஸ்க்கின் வரியை எடுத்துவிடுங்கள், டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்வதையும் நிறுத்துங்கள்.

முழு டிஸ்க்கைக் கொடுக்கும்போது லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி மாதிரிப் பெயர்களை நம்ப வேண்டாம், ரீபூட் ஆனால் இடம் மாறக்கூடும். டெவ் அடைவின் டிஸ்க் பகுதியில் பை-ஐடி என்ற ஃபோல்டருக்குள் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் சேர்ந்த நிலையான பெயர்கள் இருக்கும், அதைக் கொடுங்கள்.

சரி, இரண்டு கெஸ்டுகளுக்கும் ஒரே ஃபைல்கள் வேண்டும், என்ன செய்வது? ஃபோல்டரைப் பகிருங்கள், டிஸ்க்கை அல்ல. ஹோஸ்டோ ஒரு கெஸ்டோ உரிமையாளராக இருந்து, நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் என்எஃப்எஸ் அல்லது சாம்பா வழியாகக் கொடுக்கட்டும். லினக்ஸ் ஹோஸ்டில் கேவிஎம் (லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் ஹைப்பர்வைசர்) என்றால் விர்டியோ-எஃப்எஸ் என்ற ஃபோல்டர் பகிர்வு முறை வேகமானது. ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல்சிஸ்டங்கள் ஒரே டிஸ்க்கைப் பலர் எழுதுவதற்காகவே செய்யப்பட்டவை. ஆனால் அதற்குக் கிளஸ்டர் அமைப்பும் பூட்டு மேலாண்மையும் வேண்டும். ஒரே கணினிக்குள் அந்த அளவுக்கு இறங்குவது கிளஸ்டரைக் கற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும்தான் பயன்.

நெட்வொர்க் கார்டு

பகிர்வுக்கென்றே பிறந்தது மாதிரியான சாதனம் இது. பிரிட்ஜ் (கெஸ்டுகளை ஹோஸ்டின் கார்டோடு இணைக்கும் மென்பொருள் பாலம்) போட்டால் எல்லா கெஸ்டுகளும் ஒரே கார்டு வழியாக வெளியே போகும், ஒவ்வொருவருக்கும் தனி மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), தனி ஐபி. கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

வைஃபை கார்டில் லினக்ஸ் பிரிட்ஜ் சாதாரணமாக ஓடாது, ஏனென்றால் ஆக்சஸ் பாயிண்ட் தன்னிடம் பதிவுசெய்துகொண்ட மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டும்தான் ஏற்கும். வைஃபை என்றால் நாட் (கெஸ்டுகள் ஹோஸ்டின் முகவரியிலேயே வெளியே போகும் முறை) போதும். பிரிட்ஜுக்குப் பதில் மேக்விடேப் என்ற முறையைப் பயன்படுத்தினால் கெஸ்ட் வெளியே எல்லோரோடும் பேசும், சொந்த ஹோஸ்டோடு மட்டும் பேசாது. அது பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி. ஹோஸ்டோடு பேச இன்னொரு உள் நெட்வொர்க் கார்டைச் சேர்த்துவிடுங்கள்.

கெஸ்டைக் குளோன் (முழு நகல்) செய்யும்போது மேக் முகவரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் கொடுக்கும் முகவரிகள் 08:00:27 என்றும் கேவிஎம்மில் 52:54:00 என்றும் தொடங்கும், மீதி மூன்று ஜோடிகள் வேறுபட்டால்தான் சரி. மேக் வேறாக இருந்தும் இரண்டு கெஸ்டுகளுக்கு ஒரே ஐபி வந்தால் லினக்ஸின் மெஷின்-ஐடி ஃபைலைச் சந்தேகப்படுங்கள். லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அதை வைத்துத்தான் ஐபி வழங்கும் டிஹெச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது, குளோனில் அது அப்படியே நகலாகியிருக்கும்.

ஒரே கார்டை உண்மையிலேயே பலராகப் பிளக்கும் வசதியும் உண்டு, எஸ்ஆர்-ஐஓவி. கார்டே அதை ஆதரிக்க வேண்டும், சர்வர் ரகக் கார்டுகளில் பரவலாக இருக்கும். கார்டுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் சிஸ்எஃப்எஸ் ஃபோல்டரில் எஸ்ஆர்ஐஓவி-நம்விஎஃப்எஸ் என்ற ஃபைலில் 4 என்று எழுதினால் நான்கு குட்டிக் கார்டுகள் முளைக்கும், ஒவ்வொன்றையும் ஒரு கெஸ்டுக்கு நேராகக் கொடுக்கலாம். பிறகு எண்ணிக்கையை மாற்ற நினைத்தால் முதலில் 0 எழுதி எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத்தான் புதிய எண்ணை எழுத முடியும், நடுவில் கெஸ்ட் எதுவும் அவற்றைப் பிடித்திருக்கக் கூடாது. ரீபூட்டில் இந்த எண் மறைந்துவிடும், ஆகவே பூட் ஆகும்போதே எழுதும்படி ஒரு சேவை வையுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டும் மற்ற பிசிஐ கார்டுகளும்

பிசிஐ கார்டை கெஸ்டுக்கு நேராகக் கொடுக்க ஐஓஎம்எம்யூ தேவை. இன்டெலில் அதன் பெயர் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ. பயாஸில் விடி-எக்ஸ் ஆன் செய்திருக்கிறேனே என்று கேட்பார்கள். அது விர்ச்சுவல் மெஷினை ஓட்டுவதற்கு, இது சாதனத்தைக் கொடுப்பதற்கு, இரண்டும் வேறு. கார்டு மெமரியில் நேராக எழுதும் என்பதால், கெஸ்டுக்குக் கொடுத்த கார்டு அந்த கெஸ்டின் மெமரியைத் தாண்டி எழுதாமல் தடுப்பதுதான் ஐஓஎம்எம்யூவின் வேலை.

ஆன் செய்த பிறகு குழுக்களைப் பாருங்கள். சிஸ் அடைவில் கெர்னல் பகுதிக்குள் ஐஓஎம்எம்யூ-குரூப்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் 0, 1, 2 என்று எண்ணிட்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒரே குழுவில் இருக்கும் சாதனங்களை, பிரிட்ஜ்களைத் தவிர, பிரித்துக் கொடுக்க முடியாது. கிராஃபிக்ஸ் கார்டோடு அதன் ஹெச்டிஎம்ஐ ஆடியோ ஒரே குழுவில் இருப்பது இயல்பு, இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டோடு சாட்டா கண்ட்ரோலரும் நெட்வொர்க் கார்டும் ஒரே குழுவில் வந்தால் கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள், பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற பேட்ச் போட்டால் குழுக்கள் பிரிந்த மாதிரி காட்டும். உண்மையில் பிரிவதில்லை, அந்தச் சாதனங்கள் ஐஓஎம்எம்யூவைத் தாண்டி ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி அப்படியே இருக்கும். நம்பிக்கையில்லாத எதையும் அந்த கெஸ்டில் ஓட்டக் கூடாது.

கார்டை ஹோஸ்டின் டிரைவர் தொடுவதற்கு முன்பே, கெஸ்டுக்குக் கொடுப்பதற்காகக் கார்டை எடுத்து வைக்கும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் நிம்மதி. ஹோஸ்டுக்கு ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ், கெஸ்டுக்குத் தனிக் கார்டு என்ற ஏற்பாடு மிகச் சுலபம். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகள் ஒரு காலத்தில் விர்ச்சுவல் மெஷினுக்குள் கோட் 43 பிழையோடு ஓடாமல் நின்றன. 2021இல் வந்த 465 டிரைவரிலிருந்து விண்டோஸ் கெஸ்டில் அந்தத் தடை நீங்கியது. பழைய வழிகாட்டிகளில் சொல்லியிருக்கும் ஹைப்பர்வைசரை மறைக்கும் தந்திரங்கள் இப்போது பெரும்பாலும் தேவைப்படாது.

ஏஎம்டியின் சில பழைய தலைமுறைக் கார்டுகளில் ரீசெட் பிரச்சினை இருக்கிறது. கெஸ்டை ஒருமுறை கிளப்பலாம். அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் கார்டு எழாது, ஹோஸ்டையே ரீபூட் செய்ய வேண்டும். இரண்டு கெஸ்டுகள் மாறி மாறி ஒரே கார்டைப் பயன்படுத்தும் திட்டம் இருந்தால் முதல் நாளே இதைச் சோதித்துவிடுங்கள். வெண்டர்-ரீசெட் என்ற கெர்னல் மாட்யூல் போலாரிஸ், வேகா, முதல் நவி கார்டுகளில் பலவற்றுக்கு உதவுகிறது.

மெமரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிசிஐ கார்டு கொடுத்த கெஸ்டுக்கு ஒதுக்கிய ராம் முழுவதும் தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிடும், ஏனென்றால் கார்டு எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் எழுதும் என்று ஹோஸ்டுக்குத் தெரியாது. 32 ஜிபி இருக்கும் கணினியில் நான்கு கெஸ்டுகளுக்குத் தலா 12 ஜிபி என்று தாராளமாக எழுதி வைத்துப் பழகியவர்களுக்கு இங்கே கணக்கு உதைக்கும். ராமைத் திரும்ப வாங்கும் பலூன் வசதியும் இந்த கெஸ்டுகளில் பயன்படாது.

பலருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிராஃபிக்ஸ் வேகம் போதும் என்றால் கார்டைக் கொடுக்கவே வேண்டாம், விர்டியோ-ஜிபியு என்ற போலி கிராஃபிக்ஸ் கார்டு போதும். ஹோஸ்டின் கார்டிலேயே எல்லோருக்கும் படம் வரைந்து கொடுக்கும்.

கீபோர்டு, மவுஸ், ஒலி

கீபோர்டையும் மவுஸையும் யூஎஸ்பியாகக் கொடுக்காதீர்கள். கெஸ்டின் விண்டோவில் கிளிக் செய்தால் உள்ளே போகும், வெளியே வர விர்ச்சுவல்பாக்ஸில் வலது கண்ட்ரோல், விஎம்வேரில் கண்ட்ரோலும் ஆல்ட்டும். தனித் திரையோடு கிராஃபிக்ஸ் கார்டு கொடுத்திருப்பவர்கள் கியூஎமுவின் இவிடெவ் முறையைப் பாருங்கள், இரண்டு கண்ட்ரோல் விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் இடையில் மாறும். ஒலிக்கு ஹைப்பர்வைசர் தரும் போலி சவுண்ட் கார்டே போதும், எல்லா கெஸ்டுகளின் ஒலியையும் ஹோஸ்ட் கலந்து தரும்.

தினசரி நிர்வாகம்

சாதனம் இல்லாவிட்டால் கெஸ்ட் கிளம்ப வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள், இயல்புநிலைக்கு விட்டுவிடாதீர்கள். லிப்விர்ட்டில் யூஎஸ்பி சாதனத்துக்கு ஸ்டார்ட்அப்பாலிசி என்று ஒரு குறிப்பு உண்டு. அதில் ஆப்ஷனல் என்று போட்டால் டாங்கிள் செருகாவிட்டாலும் கெஸ்ட் கிளம்பும், ஒன்றும் போடாவிட்டால் கிளம்ப மறுக்கும். ஒரு கெஸ்ட் மற்றவர்களுக்கு ஃபைலோ பிரிண்டரோ தருகிறது என்றால் அது முதலில் கிளம்பட்டும், மற்றவை ஒரு நிமிடம் தாமதித்துக் கிளம்பட்டும்.

ஒரு கெஸ்டையே சாதனக் காவலராக வைக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. க்யூப்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படித்தான் செய்கிறது: சிஸ்-யூஎஸ்பி என்ற தனி மெஷின் யூஎஸ்பி கண்ட்ரோலர்களை வைத்துக்கொண்டு, கேட்கிற மெஷினுக்கு ஒவ்வொரு சாதனமாக எடுத்துக் கொடுக்கும், நெட்வொர்க் கார்டு சிஸ்-நெட்டிடம் இருக்கும். யாரோ கொடுத்த பென்டிரைவில் விஷமம் இருந்தாலும் அது முதலில் தொடுவது அந்தக் காவலரைத்தான். நீங்கள் க்யூப்ஸ் பயன்படுத்தாவிட்டாலும் இதே அமைப்பை ஒரு கண்ட்ரோலர், ஒரு சின்ன லினக்ஸ் கெஸ்ட், யூஎஸ்பி-ஐபி இவற்றை வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

நேரடியாகச் சாதனம் கொடுத்த கெஸ்டை ஓடும்போதே வேறு கணினிக்கு நகர்த்துவதும், மெமரியோடு ஸ்னாப்ஷாட் எடுப்பதும் பெரும்பாலும் நடக்காது. சாதனத்துக்குள் என்ன நிலை இருக்கிறது என்று ஹைப்பர்வைசரால் சேமிக்க முடியாது. பேக்கப் நேரத்தில் அந்த கெஸ்டை முறையாக அணைத்துவிட்டு எடுங்கள், அல்லது கெஸ்டுக்குள்ளிருந்தே பேக்கப் ஓட்டுங்கள். ஹோஸ்டை ஸ்லீப்பில் போடுவதையும் தவிருங்கள். எழுந்த பிறகு கெஸ்டிடம் இருந்த கார்டு பல நேரம் பதில் சொல்லாது. யூஎஸ்பி சாதனம் சும்மா இருக்கும்போது தானாகத் தொடர்பு அறுந்துபோகிறது என்றால் ஹோஸ்டிலும் கெஸ்டிலும் ஆட்டோசஸ்பெண்ட் வசதியை அந்த ஒரு சாதனத்துக்கு அணைத்துப் பாருங்கள்.

கெர்னலையோ ஹைப்பர்வைசரையோ புதுப்பிப்பதற்கு முன்னால் எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யூஎஸ்பி இரண்டின் வெளியீட்டையும், குழுக்களின் பட்டியலையும் அந்த டெக்ஸ்ட் ஃபைலின் கீழேயே ஒட்டிவையுங்கள். புதிய கார்டு ஒன்று செருகினாலோ பயாஸ் மாறினாலோ பிசிஐ முகவரிகள் நகர்ந்துவிடும், பழைய முகவரியில் இப்போது வேறு கார்டு உட்கார்ந்திருக்கும், கெஸ்ட் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும். ஆகவே அப்படி எதையாவது மாற்றிய பிறகு முதல்முறை பூட் செய்யும்போது கெஸ்டுகளின் ஆட்டோஸ்டார்ட்டை அணைத்து வைத்து, பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, முகவரிகள் சரியாக இருந்தால் மட்டும் ஒவ்வொன்றாகக் கிளப்புங்கள்.